நடுவர்களிடம் 214, மக்களிடம் பூஜ்ஜியம்: ஒரு பிரெஞ்சுப் பாட்டின் கணக்கு

2025 மே 17 இரவு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் முடிவு அறிவிப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இறுதிச் சுற்றில் பாடிய 26 நாடுகளில் 24 நாடுகளுக்கு மக்கள் எத்தனை புள்ளி தந்தார்கள் என்று படித்தாயிற்று. மிச்சம் இரண்டே நாடுகள்: ஆஸ்திரியா, போட்டியை நடத்தும் சுவிட்சர்லாந்து. நடுவர் குழுக்கள் தந்த புள்ளிகளில் ஆஸ்திரியா 258 பெற்று முதலிடத்திலும் சுவிட்சர்லாந்து 214 பெற்று இரண்டாமிடத்திலும் இருந்தன. பாசலில் பிறந்தவரே சுவிட்சர்லாந்துக்காகப் பாடியவர். பெயர் ஸோயே மே. பாட்டு முழுக்க முழுக்கப் பிரெஞ்சு மொழியில். தலைப்பு ‘வுவாயாஜ்’, அதாவது பயணம்.

அவருக்கு மக்கள் தந்த புள்ளி வாசிக்கப்பட்டது: பூஜ்ஜியம்.

214-உடன் பூஜ்ஜியத்தைக் கூட்டினால் 214. இரண்டாமிடத்திலிருந்து பத்தாமிடம். முடிவைப் பார்த்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பல நாட்டு இசை வல்லுநர்கள் சேர்ந்து இரண்டாமிடத்தில் வைத்த பாட்டை, ஒரு நாட்டு ரசிகர்கூட விரும்பவில்லையா? பாட்டு பிரெஞ்சில் இருந்ததுதான் காரணமா? நடுவர்கள் விலைபோய்விட்டார்களா, மக்களுக்குக் காது இல்லையா என்ற அளவுக்குப் பேச்சு போனது. இரண்டும் இல்லை. விடை புள்ளிக் கணக்கிலேயே கிடக்கிறது. அதற்குப் போட்டி எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போட்டியின் அடிப்படை

யூரோவிஷனை நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். நாடுகளின் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் அதன் உறுப்பினர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு பாட்டை அனுப்பும். பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. முந்தைய ஆண்டு வென்ற நாடு அடுத்த ஆண்டு நடத்துவது வழக்கம். 2024-இல் சுவிட்சர்லாந்தின் நெமோ வென்றதால்தான் 2025-இல் போட்டி பாசலுக்கு வந்தது. நடத்தும் நாடு அரையிறுதியைக் கடக்க வேண்டியதில்லை, நேராக இறுதிச் சுற்று.

2025-இல் கலந்துகொண்டவை 37 நாடுகள். அரையிறுதியில் தோற்ற நாடுகளுக்கும் இறுதிச் சுற்றில் வாக்கு உண்டு.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு நாடும் இரண்டு தனித்தனிப் பட்டியல்களைத் தருகிறது.

1. நடுவர் பட்டியல். 2025 விதிப்படி நாட்டுக்கு ஐந்து நடுவர்கள், இசைத் துறையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மதிப்பிடுவது நாம் பார்க்கும் நேரடி நிகழ்ச்சியை அல்ல. முந்தைய நாள் இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்துவிட்டு அப்போதே முடிவு சொல்லிவிடுகிறார்கள். பாட்டின் அமைப்பும் புதுமையும், குரல் வளம், மேடையில் பாடிய விதம், மொத்தத்தில் மனத்தில் நின்ற பதிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கான விதி.

2. மக்கள் பட்டியல். தொலைபேசி, குறுஞ்செய்தி, செயலி வழியாகப் பார்வையாளர்கள் வாக்களிக்கிறார்கள். 2025-இல் ஒருவர் 20 முறை வரை வாக்களிக்கலாம். இருபதையும் ஒரே பாட்டுக்குக் கொட்டினாலும் செல்லும்.

இரண்டு பட்டியல்களிலும் முதல் பத்துப் பாடல்களுக்கு மட்டும் புள்ளி: 12, 10, 8, 7, 6, 5, 4, 3, 2, 1. பதினொன்றாம் இடத்துக்கும் பூஜ்ஜியம், கடைசி இடத்துக்கும் பூஜ்ஜியம். தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே வாக்களிக்க முடியாது. போட்டியில் இல்லாத நாடுகளில் இருந்து இணையம் வழியாக வரும் வாக்குகளை ‘உலகின் பிற பகுதிகள்’ என்று ஒரே நாடாகப் பாவித்து மக்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இது 2023-இல் வந்த ஏற்பாடு.

ஆக ஸோயே மேயின் பாட்டு புள்ளி பெறக்கூடிய இடங்கள்: நடுவர் பக்கம் 36 பட்டியல்கள், மக்கள் பக்கம் 37 பட்டியல்கள். மக்கள் பக்கத்தில் அதிகபட்சம் 444 புள்ளி வாங்கியிருக்கலாம். வாங்கியது ஒன்றுமில்லை. 37 பட்டியல்களில் ஒன்றில்கூட முதல் பத்துக்குள் வரவில்லை என்பதே அந்தப் பூஜ்ஜியத்தின் பொருள்.

பூஜ்ஜியப் புள்ளி, பூஜ்ஜிய வாக்கு அல்ல

பலர் தடுமாறுவது இங்கேதான். “யாருமே வாக்களிக்கவில்லை” என்று செய்தித் தலைப்புகள் எழுதினால் அது தவறு. ஒரு நாட்டில் ஒரு பாட்டுக்குப் பல ஆயிரம் வாக்குகள் விழுந்திருக்கலாம். அது அந்த நாட்டில் பதினொன்றாம் இடத்தில் நின்றால் புள்ளி இல்லை. 37 இடங்களிலும் பதினொன்றாம் இடத்தில் நிற்கும் பாட்டு, மொத்த வாக்குகளைக் கூட்டினால் நடுப்பகுதியில் எங்கோ இருக்கும். புள்ளிப் பலகையிலோ அடிமட்டத்தில் கிடக்கும். எல்லாத் தொகுதியிலும் வாக்கு வாங்கி ஒரு தொகுதியும் வெல்லாத கட்சி நமக்குப் பழக்கமானதுதானே. அதே கதை.

இந்தப் பூஜ்ஜியத்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நுல் புவாங்’. போட்டியின் அதிகாரபூர்வ மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று என்பதால் வந்த கேலிப் பிரெஞ்சு இது; பிரெஞ்சுக்காரர்கள் அப்படிப் பேசுவதில்லை. பழைய முறையில் பூஜ்ஜியத்தை வாசிக்கும் வழக்கமே கிடையாது. புள்ளி கொடுத்த நாடுகளின் பெயர் மட்டும் வரும், கொடுக்காததைப் பற்றிப் பேச்சே இராது. 2016-இல் வந்த மாற்றம்தான் பூஜ்ஜியத்தை மேடையில் ஏற்றியது. அதற்கு முன், 2009 முதல் 2015 வரை, ஒவ்வொரு நாடும் நடுவர் முடிவையும் மக்கள் முடிவையும் உள்ளுக்குள்ளேயே பாதிக்குப் பாதி கலந்து ஒரே பட்டியலாகச் சொன்னது. நடுவர்கள் மிக உயர்வாக வைத்த பாட்டு, மக்களிடம் பதினொன்றோ பன்னிரண்டோ ஆனாலும் கலவையில் சில புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். 2016 முதல் இரண்டும் தனித்தனி. மக்கள் தந்த மொத்தத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே எண்ணாகப் படிக்கிறார்கள். 2019 முதல், நடுவர்களிடம் குறைவாக வாங்கிய நாட்டில் தொடங்கி, அதிகம் வாங்கிய நாட்டில் முடிக்கிறார்கள். தொலைக்காட்சிக்கு இது நல்ல பரபரப்பு. நடுவர்களின் செல்லப்பிள்ளைக்கோ பூஜ்ஜியம் வந்தால், அது நிகழ்ச்சியின் உச்சக்கட்டத்தில், கேமரா முகத்துக்கு நேரே நிற்கும்போது வரும். பாசலில் நடந்தது அதுதான்.

இப்படி விழுந்த முதல் பாட்டு இது அல்ல. 2017-இல் ஆஸ்திரியா நடுவர்களிடம் 93, மக்களிடம் பூஜ்ஜியம். 2025-இலேயே பிரிட்டன் நடுவர்களிடம் 88, மக்களிடம் பூஜ்ஜியம். ஆனால் 214 என்பது வேறு உயரம்.

‘பிடித்திருக்கிறது’ வேறு, ‘இதுதான்’ வேறு

இரண்டு பட்டியல்களும் ஒரே 12, 10, 8 என்ற அளவுகோலைக் கையில் வைத்திருப்பதால் ஒரே விஷயத்தை அளப்பதுபோல் தோன்றும். அளப்பது வேறு வேறு.

நடுவர் ஒவ்வொருவரும் தன் நாட்டுப் பாட்டைத் தவிர மற்ற எல்லாப் பாடல்களையும் ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்தியாக வேண்டும். நான்காவது பிடித்தது எது, பதினேழாவது எது என்பதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஐந்து பேரின் வரிசைகளைச் சேர்த்து, மேலிடங்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுத்து நாட்டின் பட்டியல் உருவாகிறது.

வீட்டில் இருப்பவரை யாரும் வரிசை கேட்பதில்லை. அவர் செல்பேசியை எடுக்கிறாரா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. எடுத்தால், யாருக்காக எடுக்கிறாரோ அவருக்கு வாக்கு. நான்காவதாகப் பிடித்த பாட்டுக்காகக் காசு கொடுத்து வாக்களிப்பவர் அபூர்வம்.

கற்பனையாக ஒரு நாட்டில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

‘அ’ என்ற பாட்டு 100 பேருக்கும் நான்காவது இடம். யாருக்கும் முதலிடம் இல்லை, யாரும் வெறுக்கவும் இல்லை.

‘ஆ’ என்ற பாட்டு 20 பேருக்கு முதலிடம். மீதி 80 பேருக்கு இருபதாவது இடம்.

எல்லாரையும் வரிசைப்படுத்தச் சொன்னால் ‘அ’வின் சராசரி இடம் 4. ‘ஆ’வின் சராசரி 16.2. ‘அ’ எங்கோ மேலே, ‘ஆ’ எங்கோ கீழே.

அதே 100 பேரிடம் “உங்களுக்கு எது வேண்டும்?” என்று மட்டும் கேட்டால் ‘அ’வுக்கு ஒரு வாக்கும் இல்லை. ‘ஆ’வுக்கு 20 வாக்கு.

இதில் 20 முறை வாக்களிக்கலாம் என்ற விதியைச் சேருங்கள். ‘ஆ’வின் ரசிகர்கள் 20 பேரும் இருபது இருபதாகப் போட்டால் 400 வாக்கு. ‘அ’வின் மேல் இரக்கப்பட்டு 15 பேர் ஆளுக்கொரு வாக்குப் போட்டார்கள் என்றாலும் 15தான். வெறி கொண்ட ஒருவர், மிதமாக விரும்பும் இருபது பேருக்குச் சமம்.

எதைச் சரி, எதைத் தவறு என்பது? நடுவர் முறை ‘யாருக்கும் கசக்காதது எது’ என்று தேடுகிறது. மக்கள் முறை ‘யாருக்காவது உயிராக இருப்பது எது’ என்று தேடுகிறது. முதலாவதில் தரமான பாட்டு தப்பிக்கும். கூடவே சப்பென்ற பாட்டும் தப்பிக்கும். இரண்டாவதில் துணிச்சலான பாட்டு மேலே வரும். கூடவே கோமாளித்தனமும் வரும். 2025-இல் எஸ்டோனியா எஸ்பிரெசோ காப்பியைப் பற்றி அரைகுறை இத்தாலியனில் பாடிய நையாண்டிப் பாட்டு நடுவர்களிடம் 98, மக்களிடம் 258. அதற்கு நேர்மாறான கோடியில் நின்றது ஸோயே மேயின் பாட்டு.

214 உண்மையில் எவ்வளவு பெரியது?

நடுவர்கள் அந்தப் பாட்டின்மேல் காதல் கொண்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியும் சொல்ல முடியாது.

214-ஐ 36 நடுவர் குழுக்களால் வகுத்தால் குழுவுக்கு 5.94 புள்ளி. ஆறு புள்ளி என்பது ஐந்தாம் இடத்துக்குக் கொடுப்பது. சராசரியாக ஐந்தாம் இடம் வாங்கிய பாட்டு மொத்தத்தில் இரண்டாமிடம் வந்திருக்கிறது! முதலிடம் வந்த ஆஸ்திரியாவுக்கே 258-ஐ 36-ஆல் வகுத்தால் 7.17; அதாவது நான்காம் இடத்தின் மதிப்பு. முந்தைய ஆண்டு நெமோ நடுவர்களிடம் 365 வாங்கினார். அது குழுவுக்குப் பத்துக்கும் மேல், அதாவது இரண்டாம் இடத்துக்கும் மேலான மதிப்பு. அந்த ஆண்டு நடுவர்கள் ஒரே பாட்டின் பின்னால் திரண்டார்கள். 2025-இல் சிதறினார்கள். சிதறிய களத்தில் சராசரியாக ஐந்தாமிடம் வாங்குவதே இரண்டாமிடத்துக்குப் போதுமானது.

இதைப் புரிந்துகொண்டால் 214-க்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையிலான பள்ளம் பாதி தூர்ந்துவிடும். நடுவர்களுக்கும் அந்தப் பாட்டு சராசரியாக ‘நான்காவது, ஐந்தாவது’ வகைதான். அவர்களிடம் ஐந்தாவது எது என்று கேட்டார்கள், மக்களிடம் கேட்கவில்லை.

அப்படியானால் பிரெஞ்சு மொழி?

மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆதாரம் இல்லாமல் இல்லை. அதே இறுதிச் சுற்றில் பிரான்சின் லுவான் தாயை நினைத்துப் பாடிய பிரெஞ்சுப் பாட்டு நடுவர்களிடம் 180, மக்களிடம் 50. நெதர்லாந்தின் கிளோட் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடியதற்கு நடுவர்கள் 133, மக்கள் 42. சுவிட்சர்லாந்தையும் சேர்த்தால் மூன்று பாடல்களுக்கும் நடுவர்கள் தந்தது 527. மக்கள் தந்தது 92. லக்ஸம்பர்க்கின் பிரெஞ்சுப் பாட்டு இருதரப்பும் சேர்ந்து 47 வாங்கி 22-ஆம் இடம். ‘மக்களுக்குப் பிரெஞ்சு ஒவ்வாது’ என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

ஆனால் நான்கு ஆண்டு பின்னால் போனால் தீர்ப்பு நிற்காது. 2021-இல் ராட்டர்டாமில் பிரான்சின் பார்பரா பிராவி பாடிய ‘வுவாலா’ மக்களிடம் 251, நடுவர்களிடம் 248, மொத்தம் 499. இத்தாலிக்கு 25 புள்ளி பின்னே இரண்டாமிடம். அதே மேடையில் சுவிட்சர்லாந்துக்காக ஜான்ஸ் டியர்ஸ் பாடியதும் பிரெஞ்சுதான். நடுவர்கள் 267 கொடுத்து முதலிடத்தில் வைத்தார்கள், மக்கள் 165 கொடுத்தார்கள், மொத்தத்தில் மூன்றாமிடம். முதல் மூன்று இடங்களில் ஆங்கிலப் பாட்டு ஒன்றுகூட இல்லை. 2024-இல் பிரான்சின் ஸ்லிமான் நான்காமிடம். மக்கள் தந்தது 227, நடுவர்கள் தந்த 218-ஐவிட அதிகம்.

இதைவிட அழகான எதிர்ச்சாட்சி 2016-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஆஸ்திரியா, ஆம், ஜெர்மன் பேசும் ஆஸ்திரியா, ஒரு பிரெஞ்சுப் பாட்டை அனுப்பியது. தலைப்பு ‘லுவான் தீசி’, இங்கிருந்து தொலைவில் என்று பொருள். பாடியவர் பெயரும் ஸோயேதான். வியன்னாவின் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். துள்ளலான மெட்டு, நிறங்களைக் கொட்டிய பின்திரை. நடுவர்கள் 31 கொடுத்தார்கள். மக்கள் 120. இரண்டு ஸோயேக்கள், இரண்டும் முழுப் பிரெஞ்சுப் பாடல்கள், பிரெஞ்சல்லாத பெரும்பான்மை கொண்ட இரண்டு நாடுகள், முடிவு மட்டும் தலைகீழ். மொழிதான் காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது.

இன்னொரு சிறு சான்று. 2025-இல் வாக்களித்த நாடுகளில் பிரான்ஸ், பெல்ஜியம், லக்ஸம்பர்க் மூன்றிலும் பிரெஞ்சு புரியும். அந்த நாட்டு மக்களின் பட்டியல்களிலும் ‘வுவாயாஜ்’ முதல் பத்துக்குள் இல்லை. சொல் புரிந்தவர்களும் கைவிட்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் பாடல்கள் ஏன் முன்போல் வெல்வதில்லை?

இது பக்கத்துக் கேள்வி, ஆனாலும் சேர்ந்தே எழுவது. யூரோவிஷனில் பிரெஞ்சுப் பாடல்கள் 14 முறை வென்றிருக்கின்றன. பிரான்ஸ் 5, லக்ஸம்பர்க் 5, சுவிட்சர்லாந்து 2, பெல்ஜியம் 1, மொனாக்கோ 1. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்த முதல் போட்டியிலேயே வென்றது, சுவிஸ் பாடகி லீஸ் அஸியா பிரெஞ்சில் பாடியது. கடைசியாக வென்றது 1988-இல். அதுவும் சுவிட்சர்லாந்துக்காகத்தான், பாடியவர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த செலின் தியோன். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி: சுவிட்சர்லாந்து 137, பிரிட்டன் 136. பாடுபவர் அந்த நாட்டவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. லக்ஸம்பர்க்குக்காக வென்ற ஐவரில் ஒருவர்கூட லக்ஸம்பர்க்கைச் சேர்ந்தவர் இல்லை.

அந்த வெற்றிகள் பலவற்றுக்குத் துணையாக ஒரு விதி இருந்தது. 1965-இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியது சிலரை உறுத்த, 1966 முதல் ‘உங்கள் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும்’ என்று சட்டம் போட்டார்கள். 1973 முதல் 1976 வரை தளர்த்தினார்கள், அந்த இடைவெளியில்தான் 1974-இல் ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு ஆங்கிலத்தில் பாடி வென்றது. 1977-இல் மறுபடி பூட்டினார்கள். 1999-இல் நிரந்தரமாகத் திறந்துவிட்டார்கள்.

பூட்டு இருந்தவரை ஆங்கிலம் பாடக்கூடிய நாடுகள் மிகச் சில. பிரெஞ்சுக்கோ பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, லக்ஸம்பர்க், மொனாக்கோ என்று ஐந்து வாசல்கள். 1988-இல் பாடப்பட்ட 21 பாடல்களில் 4 பிரெஞ்சு. பூட்டு திறந்ததும் அந்த வாசல்கள் பல ஆங்கிலத்துக்கு மாறின. சுவிட்சர்லாந்தே 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் ஆங்கிலப் பாட்டைத்தான் அனுப்பியது. எனவே பிரெஞ்சு வெற்றி அருகியதற்குப் பெருங்காரணம், களத்தில் பிரெஞ்சுப் பாடல்களே அருகியது. நடுவில் ஒருமுறை மயிரிழையில் தவறியதும் உண்டு: 1991-இல் பிரான்சின் அமினாவும் ஸ்வீடனின் கரோலாவும் ஆளுக்கு 146 புள்ளி. 12 புள்ளி வாங்கிய எண்ணிக்கையும் சமம். 10 புள்ளிகளை எண்ணி ஸ்வீடனுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

பாசலில் பாட்டுக்கு எதிராக நின்றவை

மொழியை விடுவித்துவிட்டால் மீதி என்ன? முக்கியமானதை முதலில் சொல்கிறேன்.

1. பாட்டின் சுபாவம். ‘வுவாயாஜ்’ தணிந்த குரலில் தொடங்கித் தணிந்தே நகரும் மெல்லிசை. மேடையில் பாடகி மட்டும், ஆட்டக்காரர்கள் இல்லை. கத்துவதற்கோ, அதிர்வதற்கோ, மறுநாள் காலை முணுமுணுப்பதற்கோ வைத்த இடம் குறைவு. இப்படிப்பட்ட பாட்டைக் கேட்பவர் “நன்றாக இருக்கிறது” என்பார். வாக்குப் பொத்தானை நாடமாட்டார். 2021-இல் பார்பரா பிராவியும் மேடையில் தனியாகத்தான் நின்றார். ஆனால் அவர் பாட்டு அடிக்கு அடி வேகம் ஏறி, இறுதியில் வெடிக்கும். மூன்று நிமிடப் பாட்டில் அந்த ஏற்றம்தான் வாக்காக மாறுகிறது என்பது என் கணிப்பு.

2. வாக்குச் சாவடி திறக்கும் நேரம். 2024 முதல் இறுதிச் சுற்றில் முதல் பாட்டு தொடங்கும் முன்பே வாக்களிப்பு திறந்துவிடுகிறது. ஸோயே மே பாடியது 19-ஆவதாக. அவருக்கு முன் 18 பாடல்கள். தங்கள் ஆதரவு யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்து வந்தவர்கள் அதற்குள் இருபது வாக்கையும் செலவழித்திருக்கலாம். முன்முடிவோடு வருபவர்களைக் கொண்ட பாட்டுக்கு இந்த ஏற்பாடு லாபம். மேடையில் முதல் முறை கேட்டு மனம் மாற்ற வேண்டிய பாட்டுக்கு நட்டம்.

3. கைகொடுக்க வெளியூர் உறவு இல்லாமை. பிற நாடுகளில் குடியேறிய மக்கள் தாய்நாட்டுப் பாட்டுக்கு வாக்களிப்பது இந்தப் போட்டியில் பெரும் பலம். 2025-இல் அல்பேனியா நடுவர்களிடம் 45, மக்களிடம் 173. போலந்து நடுவர்களிடம் 17, மக்களிடம் 139. அல்பேனியர்களும் போலந்துக்காரர்களும் ஐரோப்பா முழுக்க வேலைக்குப் போனவர்கள். சுவிட்சர்லாந்தோ ஆட்கள் வேலை தேடி வரும் நாடு; வெளியே போய் ஒரு நாட்டு வாக்கையே புரட்டும் அளவுக்குத் திரண்ட சுவிஸ் கூட்டம் எங்கும் இல்லை. வந்தவர்களின் வாக்கு அவரவர் நாட்டுக்குப் போகும். சுவிஸ்காரர்கள் தங்கள் பாட்டுக்கு வாக்களிக்க விதி இடம் தரவில்லை.

4. அதே வகைப் பாட்டு பக்கத்திலேயே இருந்தது. உருக்கமான பிரெஞ்சுப் பாட்டு வேண்டும் என்பவருக்கு, லுவான் 24-ஆவதாகப் பெருங்குரலில் பாடினார். அந்தச் சிறிய வட்டத்தின் வாக்கும் பிரிந்திருக்கும்.

நடத்தும் நாடு என்ற பெருமை வாக்கைக் கொண்டுவராது என்பதும் பழைய பாடம். 2015-இல் வியன்னாவில் போட்டியை நடத்திய ஆஸ்திரியா, நடுவரும் மக்களும் கலந்த கணக்கிலேயே பூஜ்ஜியம் வாங்கியது. அந்தப் பாட்டு ஆங்கிலம்.

விதி மாறினால் இந்த வகைப் பாட்டு பிழைக்குமா?

2025 போட்டியின் மக்கள் வாக்கைச் சுற்றிக் கடும் சர்ச்சை எழுந்தது. நடுவர்களிடம் 60 புள்ளி மட்டும் வாங்கிய இஸ்ரேல், மக்களிடம் 297 வாங்கி முதலிடம் பிடித்ததும், அதற்காக நடந்த விளம்பரப் பிரசாரமும் விவாதமாயின. அதையடுத்து 2025 நவம்பரில், 2026 போட்டிக்கான மாற்றங்களை ஒலிபரப்பு ஒன்றியம் அறிவித்தது. இங்கே நமக்கு வேண்டியவை மூன்று:

1. ஒருவர் போடக்கூடிய வாக்கு 20-இலிருந்து 10 ஆகிறது.

2. நடுவர் குழு ஐந்து பேரிலிருந்து ஏழு பேராகிறது. அதில் இருவராவது 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள்.

3. 2023 முதல் அரையிறுதியில் விலக்கி வைத்திருந்த நடுவர்கள் மறுபடி வருகிறார்கள்.

மூன்றாவது மாற்றம் மென்மையான பாடல்களுக்குப் பெரிய உதவி. சுவிட்சர்லாந்து போட்டியை நடத்தும் நாடாக இல்லாமல், 2025 விதிப்படி மக்கள் வாக்கு மட்டும் உள்ள அரையிறுதியில் நின்றிருந்தால், நடுவர்களின் இந்த இரண்டாமிடம் இறுதிச் சுற்றின் வாசலையே பார்த்திருக்காது போலிருக்கிறது. இனி அந்த ஆபத்து பாதியாகக் குறையும்.

முதல் மாற்றம் அவ்வளவு உதவாது. மேலே பார்த்த 100 பேர் நாட்டில் ‘ஆ’வின் 400 வாக்கு 200 ஆகும். ‘அ’வின் 15 வாக்கு 15-ஆகவே இருக்கும். இடைவெளி சுருங்கும், வரிசை மாறாது. நான்காவதாகப் பிடித்த பாட்டுக்குப் புள்ளி கிடைக்க வேண்டுமென்றால் மக்களிடமும் வரிசை கேட்க வேண்டும். பத்துப் பாடல்களை வரிசைப்படுத்தி அனுப்புங்கள் என்றால் நள்ளிரவில் எத்தனை பேர் அனுப்புவார்கள்? ஒலிபரப்பு ஒன்றியம் அதைக் கேட்கப்போவதில்லை. எனவே 2026-இலும் அதற்குப் பிறகும், பிரெஞ்சிலோ வேறு மொழியிலோ மெல்லப் பாடும் ஒருவர், நடுவர் புள்ளிகள் முடிந்ததும் மேலே உட்கார்ந்துகொண்டு, தன் பெயருக்கு என்ன எண் வரும் என்று கடைசிவரை காத்திருக்கத்தான் வேண்டும்.